அனுமதி பெறாத இருட்டு

கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் என் மனைவி இன்ஷிரா என்னால் ஒரு தடவைகூட அலறியதில்லை. மோகனராஜால் அலறினாள். அதுவும் பட்டப்பகல் நாலு மணிக்கு, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், என்னுடைய கதிரையில் உட்கார்ந்துகொண்டு, நான் வாங்கிக் கொடுத்த போனில் அவன் எடுத்த படத்தைப் பார்த்து.

படம் ஆறு நிமிஷம். ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு. வேலை முடிந்து வரும் ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். உள்ளே இருட்டு. "வந்துட்டீங்களா?" என்று கேட்கிறாள். உள்ளேயிருந்து ஒரு இருமல். புருஷன்தான் என்று நிம்மதியாகச் செருப்பைக் கழற்றுகிறாள். அப்போது கையிலிருக்கும் போன் அடிக்கிறது. புருஷன் பேசுகிறான். "பஸ்சு இன்னும் கம்பளைய தாண்டல" என்கிறான். அவள் மெதுவாகத் திரும்பி அந்த வாசலைப் பார்க்கிறாள். மறுபடியும் ஒரு இருமல், இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில். படம் முடிந்துவிடுகிறது.

அவ்வளவுதான். பேய் இல்லை, இரத்தம் இல்லை, ஒரு கோரைப்பல்கூட இல்லை. இன்ஷிரா "யா அல்லாஹ்!" என்று அலறிப் போனை எறிந்தாள். அது என் தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு குசினிக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"எப்பிடி எடுத்தீக்கான் பாருங்க. ஒண்டுமே காட்டல்ல. எனக்கு இன்னம் வாசல் பக்கம் திரும்பப் பயம்" என்றாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே.

எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்துச் சொல்ல நான் பெரிய மனுஷன் இல்லை. குசினி வாசலில் காவலுக்கு நின்றபடி, என் மனைவியை நடுங்க வைத்த அந்தக் கறுத்த வாசலை நினைத்து நினைத்து எரிந்தேன்.

ஏனென்றால் மோகனராஜ் என்னிடம் ஒன்பது வருஷம் லைட் பிடித்தவன். நான் பஹ்மி, கல்யாண வீடியோ எடுப்பவன். திகனயிலிருந்து கம்பளை வரைக்கும் என் கெமராவுக்குள் வராத மாப்பிள்ளை குறைவு. நான் கெமராவோடு முன்னால் போவேன். அவன் லைட்டைத் தூக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வருவான். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். போன வருஷம் "நானா, நான் சொந்தமா ஏதாச்சும் செஞ்சு பாக்குறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பூப்புனித நீராட்டு விழாக்களில் எனக்குப் போட்டியாக வரப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அதைக்கூடத் தாங்கியிருப்பேன்.

நானும் ஒரு திகில் படம் எடுப்பதென்று முடிவு செய்தேன். அதைப் பார்த்து இன்ஷிரா அலற வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு அலறல்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைநாட்டுத் திகில் திரைப்பட ஒழுங்கமைப்பு நிலையம் ஒரு குறும்படப் போட்டியை அறிவித்தது. நிலையம் கண்டி வாவிக்கு மேலே ஏறுகிற தெருவில், முன்பு சுற்றுலா விடுதியாக இருந்த ஒரு கட்டடத்தில் இருக்கிறது. பயம் நாட்டில் ஒழுங்கில்லாமல் பரவுவதைத் தடுத்து, தரமான பயத்தை மக்களுக்கு முறையாக வழங்குவதற்காக அதை அமைத்திருக்கிறார்கள். வாசலில் அப்படித்தான் எழுதியிருந்தது. மோகனராஜும் தன் படத்தை அனுப்பியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பணிப்பாளர் இராமகிருஷ்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் மூன்று தொலைபேசி, மூன்றிலும் வயர் இல்லை.

"இருங்கோ தம்பி. பயம் எண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது சேர்" என்றேன். அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் தெரியாது என்பதுதான் பாதுகாப்பு.

"பயத்துக்கு மூண்டு கட்டம். முதலாவது இருட்டு. இரண்டாவது எதிர்பார்ப்பு. மூண்டாவது அதிர்ச்சி. மனிசன் இருட்டிலை ஒண்டையும் காணமாட்டான், அதாலை தானே ஒண்டை நினைச்சுக்கொள்ளுவான். படம் எடுக்கிறவன் அவனைக் காத்திருக்க வைச்சு, பிறகு ஒரு தட்டுத் தட்டுறான். அவ்வளவுதான் கலை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. "இதிலை அதிர்ச்சியை நாங்கள் தடை செய்திருக்கிறம். முறைப்பாடு வரும். எதிர்பார்ப்பை அரைவாசி குறைச்சிருக்கிறம், சனத்துக்கு நேரம் வீணாகுது. மிச்சம் இருக்கிறது இருட்டு. அதுக்குத்தான் இந்தப் படிவம்."

"சேர் எவ்வளவு காலமா இந்தத் துறையில?"

"நாலு மாசம். முந்திக் கருவாட்டுப் பிரிவிலை பதினெட்டு வருஷம் இருந்தனான். ரெண்டும் ஒண்டுதான் தம்பி. நேரத்துக்குக் காய வைக்கோணும், நேரத்துக்கு எடுக்கோணும்."

படிவம் பதினாறு பக்கம், மூன்று பிரதி. இருட்டின் நீளம், அகலம், உயரம். இருட்டின் நோக்கம். இருட்டு விண்ணப்பதாரரின் சொந்தமா, வாடகையா, அல்லது இனாமாகக் கிடைத்ததா. கடைசிப் பக்கத்தில் கிராம சேவகரின் அத்தாட்சி: மேற்படி இருட்டு இப்பிரிவில் நிரந்தரமாக வசித்து வருகிறது.

எங்கள் பிரிவின் கிராம சேவகர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தலையைத் தூக்காமல் "வோட்டர் லிஸ்ட்டில ஈக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எப்பிடி நான் நிரந்தரம் எண்டு செல்ற? தற்காலிகம் எண்டு போடுறேன். ஆறு மாசத்துக்குச் செல்லும்." போட்டு, சீலும் அடித்துக் கொடுத்தார். வீட்டுப் பின்னறையில் என் உம்மா காலத்திலிருந்து இருக்கிற இருட்டு அன்றோடு தற்காலிகமாகிவிட்டது.

வரிசையில் நின்ற எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "மோகனராஜும் இதெல்லாம் செஞ்சானா?" ஒருவருக்கும் தெரியவில்லை. அவனும் என்னைப் போல வெயிலில் நின்று காய்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னறையில் வைத்துப் படத்தை எடுத்தேன். திகன பார்மசியில் வேலை செய்யும் என் மச்சான் ஸாகிதான் பேய். கதவைத் திறந்தால் ஸாகி நிற்பான், கதை அவ்வளவுதான். முதல் பிரதியில் உண்மையாகவே இருட்டு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வேறு எங்கும் அது பதிவாகவில்லை.

பரீட்சார்த்தக் காட்சி நிலையத்தின் மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. எட்டு டியூப்லைட்டும் எரிந்தன. யன்னல்களில் திரைச்சீலை இல்லை. வாவியில் படும் வெயில் முழுக்க உள்ளே வந்தது. லைட்டை அணைக்கலாமா என்று கேட்டேன்.

"ஏலாது" என்றார் பணிப்பாளர். "கடமை நேரத்திலை உத்தியோகத்தர் இருட்டிலை இருக்கப்படாது. சுற்றறிக்கை இருக்கு."

படம் ஓடியது. சுவரில் சுவர்தான் தெரிந்தது. தொழில்நுட்ப அதிகாரி சஞ்சீவனி வெளிச்சம் அளக்கும் கருவியைச் சுவருக்கு நேரே பிடித்து எதையோ குறித்துக்கொண்டார்.

"இருட்டுல ஒண்ணுமே தெரியலீங்க சேர்" என்றார்.

"அதுதானே மிஸ் இருட்டு" என்றேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. நீங்க பதினாறு பக்கத்துல இருட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நாங்க அத பாத்து உறுதிப்படுத்தணும். பாக்க முடியாத இருட்டுக்கு எப்படிங்க அனுமதி குடுக்குறது?"

"இருட்டைத் தெளிவாய்த் தெரியிற மாதிரி எடுங்கோ" என்று பணிப்பாளர் தீர்ப்புச் சொன்னார். "லைட் போட்டு எடுங்கோ."

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே கோபித்துக்கொண்டு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண வீடுகளில் மாமியார்மார் என் காதில் ஓதியது ஒரே வசனம்: "தம்பி, எண்ட முகம் கறுப்பா விழுந்தீக்கி." நிழல் என்றாலே என் கை லைட்டைத் தேடும். பின்னறையில் நாலு பெரிய லைட் கட்டினேன். ஸாகியின் முகத்துக்குத் தனியாக ஒன்று. பேய் மணப்பெண்போல் ஜொலித்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது பார்வையில் பேயின் உடுப்பு பிரச்சினையானது. வெள்ளைச் சேலை ஒரு சமூகத்தைப் புண்படுத்தும், கறுப்பு அபாயா இன்னொரு சமூகத்தைப் புண்படுத்தும், வெள்ளைச் சாரம் எல்லோரையும் புண்படுத்தும். கடைசியில் பேய் கால்சட்டையும் இஸ்திரி போட்ட நீலச் சேர்ட்டும் அணிந்து, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு வருவதென்று ஏகமனதாக முடிவானது. அட்டையில் பெயர் இருக்கக் கூடாது. படம் இருக்கலாம்.

மூன்றாவது பார்வையில் முன்னறிவித்தல் வந்தது. பேய் தோன்றுவதற்குப் பத்து செக்கன் முன்னால் மூன்று மொழியிலும் திரையில் எழுத்து வர வேண்டும்: "இன்னும் பத்து செக்கனில் ஓர் உருவம் தோன்றும். கர்ப்பிணித் தாய்மாரும் இருதய நோயாளரும் அரச உத்தியோகத்தரும் கண்களை மூடிக்கொள்ளவும். உருவம் சென்ற பின் அறிவிக்கப்படும்." மூன்று மொழிக்கும் எழுத்து ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படிப் போட்டதில் திரை நிறைந்துவிட்டது. தன் முறைக்குக் காத்து நின்ற ஸாகியின் சப்பாத்து மட்டும் கீழே தெரிந்தது.

அன்று திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மோகனராஜைக் கண்டேன். ஒளிந்துகொள்ள நினைத்தேன், அவன் கண்டுவிட்டான்.

"நானா! நீங்களும் படம் எடுக்குறீங்களாமே. காட்டுங்க நானா. எதாச்சும் ஒத்தாசை வேணும்னா வாறேன், லைட்டு புடிக்கக்கூட வாறேன்."

"நீ எப்பிடி அந்தப் படத்த எடுத்த?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "ஒங்ககிட்ட படிச்சதுதான் நானா. ஒன்பது வருசம் லைட்டுக்குப் பின்னாடி நின்னேன்ல. லைட்டு முன்னாடி போறதால பின்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியாது. யாரோ சிரிப்பாங்க, யாரோ செருமுவாங்க, மொகம் தெரியாது. அப்ப மனசு தானா ஒரு மொகத்த செஞ்சுக்கும். நம்ம என்ன பேய் செஞ்சாலும் அதவிட சின்னதாத்தான் இருக்கும். அதான் நான் ஒண்ணும் செய்யல, சும்மா இருமிட்டேன். நடிச்சது எங்கம்மா பேச்சியம்மா. அவங்களுக்குக் கத சொல்லவே இல்ல. போன் அடிச்சதும் நெசமாவே பயந்துட்டாங்க."

இதை அவன் என்னிடமே படித்தேன் என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷம் ஒரே மண்டபங்களில் நின்றோம். எனக்கு மாமியார்மாரின் மூக்கு கிடைத்தது, அவனுக்கு இருட்டு கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது அவனுடைய பணிவை நினைத்தேன், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு பெட்டிசம் எழுதினேன்.

நம் நாட்டில் ஒருவருக்கு வேலை உயர்வு கிடைத்தாலும், மதில் கட்டினாலும், மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தாலும் யாரோ ஒருவர் பெயர் போடாமல் பெட்டிசம் எழுதுவார். அந்த யாரோ ஒருவரை எனக்கு எப்போதும் பிடிக்காது. அன்று நான்தான் அவர். கையெழுத்துத் தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். மேலே பிஸ்மிக்குப் பதிலாக 786 போடாமல் நான் எந்தக் காகிதத்திலும் பேனை வைத்ததில்லை. அதை இடது கையால் எழுத மட்டும் மனம் வரவில்லை, பாவம் என்று பட்டது. அதனால் அதை வலது கையால் ஒழுங்காக எழுதி, வழக்கம்போலக் கீழே இரண்டு கோடும் கோட்டின் நுனியில் ஒரு பிறையும் போட்டேன். பிறகு பேனையை இடது கைக்கு மாற்றி, மோகனராஜ் என்பவரின் படத்தில் மூன்று நிமிடமும் நாற்பது செக்கனும் அனுமதி பெறாத இருட்டு காணப்படுகிறது என்று கோணல் மாணலாக எழுதி முடித்தேன். இப்படிக்கு, பயத்தில் அக்கறையுள்ள பொதுமகன்.

பதினாறு பக்கப் படிவத்துக்கு மூன்று மாதம் எடுத்த நிலையம், பெட்டிசத்துக்கு இரண்டே நாளில் நடவடிக்கை எடுத்தது. மோகனராஜின் படம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. இருட்டு கைப்பற்றப்பட்டது. போட்டியில் என் படம் மட்டும் மிஞ்சியதால் எனக்கு முதற்பரிசு.

இன்ஷிரா சந்தோஷப்பட்டாள், அதை மறுக்க மாட்டேன். பரிசளிப்பு விழாவுக்குப் புது ஹிஜாப் உடுத்தாள். முன்வரிசையில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பின்வரிசையில் மோகனராஜும் வந்திருந்தான். பக்கத்தில் பேச்சியம்மா, மடிப்புக் கலையாத சேலையில். படம் நீக்கப்பட்டது அந்த அம்மாவுக்குத் தெரியாதுபோல, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு டியூப்லைட்டின் கீழ் என் படம் ஓடியது. முன்னறிவித்தல் வந்தது. அரச உத்தியோகத்தர் எல்லோரும் ஒழுங்காகக் கண்ணை மூடினார்கள். எழுத்து மறைந்ததும் ஸாகி அடையாள அட்டையோடு வந்து நின்றான். நான் திரையைப் பார்க்கவில்லை, இன்ஷிராவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் குனிந்து என் காதில் சொன்னாள்:

"ஸாகிட சேர்ட் நல்லா ஈக்கி. எங்க வாங்கின?"

பணிப்பாளர் மேடையேறினார். "தரமான பயம் என்பதற்கு இந்தப் படம் ஓர் உதாரணம்" என்று ஆரம்பித்தார். "நான் இதை ஏழு தடவை பார்த்தனான். ஒரு தடவையும் பயப்படேல்லை. அதுதான் எங்கடை நிலையத்தின்ரை வெற்றி. இப்ப, சட்டவிரோத இருட்டு எப்படி இருக்கும் எண்டு பொதுமக்கள் அறியோணும். கைப்பற்றின சான்றுப்பொருளைக் காட்டுவம்."

மோகனராஜின் படத்தில் கைப்பற்றிய அந்தப் பகுதியை ஓட்டினார்கள். அத்தனை வெளிச்சத்தில் சுவரில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வெள்ளைச் சுவர். "வந்துட்டீங்களா?" என்ற பேச்சியம்மாவின் குரல். ஒரு இருமல். போன் அடித்தது. மண்டபத்தில் கதிரைகூட அசையவில்லை. மறுபடியும் ஒரு இருமல், கிட்டத்தில்.

இன்ஷிரா அலறினாள். மண்டபமே அலறியது. சஞ்சீவனியின் கையிலிருந்து கருவி விழுந்து உடைந்தது. பணிப்பாளர் மேசைக்குக் கீழிருந்து எழுந்து வந்து, பேனையைத் தேடியதாகச் சொன்னார். என் மனைவி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மூன்று மாதம் அலைந்து கேட்ட அலறல் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அது எனக்கில்லை.

"பார்த்தியளோ, எவ்வளவு ஆபத்து!" என்றார் பணிப்பாளர் வியர்வையைத் துடைத்து. "இதை எங்களுக்கு அறிவிச்ச அந்த நல்ல மனிசன் தன்ரை பெயரைக்கூடப் போடேல்லை. அவரைக் கௌரவிக்கிறது எங்கடை கடமை. அந்தக் கடிதத்தைப் போடுங்கோ."

அதைக் கறுப்பு மையில் பெரிதாக அச்சடித்து ஒரு பதாகையாகவே செய்திருந்தார்கள். இரண்டு பேர் சுவரில் விரித்துப் பிடித்தார்கள். இடது கையின் கோணல் எழுத்துகளுக்கு மேலே, நெஞ்சளவு உயரத்தில் 786. கீழே இரண்டு கோடு. கோட்டின் நுனியில் ஒரு பிறை.

அந்தப் பிறை இருபத்தொரு வருஷமாக நான் கடைக்கு எழுதும் ஒவ்வொரு சாமான் துண்டிலும் இருக்கிறது. மோகனராஜ் ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கிய ஒவ்வொரு கடித உறையிலும் இருந்தது.

இன்ஷிரா என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். பதாகையைப் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பேச்சியம்மாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

கேடயத்தோடு என்னை மேடையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்தவர் நிலையத்துக் காரியாலய உதவியாளர், தொழில் தெரியாதவர். கூட்டத்திலிருந்து மோகனராஜ் எழுந்து வந்தான். என்னை அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் போனில் டோர்ச்சைப் போட்டு, பழைய பழக்கத்தில் கையை உயர்த்தி, என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நானா, மொகம் கறுப்பா விழுது" என்றான்.

படம் எடுத்து முடியும்வரை கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு டோர்ச்சை அணைத்து, தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். "நம்ம படம் எப்பப்பா போடுவாங்க?" என்று அந்த அம்மா கேட்டது கதவடியில் எனக்குக் கேட்டது.

பஸ்ஸில் இன்ஷிரா யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவள் கதவைத் திறந்து முன்னால் போனாள். லைட் போடவில்லை. நான் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே நல்ல இருட்டு. யாரிடமும் அனுமதி பெறாதது.

"இன்ஷிரா?" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு இருமல்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். கேடயம் நழுவியது. மறுபடியும் ஒரு இருமல், இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில்.

உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல் வருகிற பயத்தை மோகனராஜ் படமாக எடுத்துவிட்டான். யாரென்று நன்றாகத் தெரிந்து வருகிற பயத்தை அவன் எடுக்கவில்லை. அந்த ஒன்றிலாவது நான் அவனை முந்திவிட்டேன்.